சிவம் அண்ணையின் 'சொறி'

1986 மார்ச் 11, லாங்கன்தால் அகதி முகாம், சுவிஸ்

இன்று நான் 'சொறி' சொல்லவில்லை. சிவம் அண்ணைக்கு அந்த ஒரே ஆங்கிலச் சொல் எல்லாவற்றுக்கும் போதும். காலை மிதித்தாலும் சொறி, கறியில் உப்புக் கூடினாலும் சொறி, யாராவது செத்தாலும் சொறி. போன வாரம் என் காதலனின் கடிதத்தை உடைத்து, பொதுச் சமையலறையில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். கேட்டதற்கு, "சொறி தங்கச்சி, சும்மா பகிடிக்கு" என்றார்.

இங்குள்ளவர்கள் ஜெர்மன் கடிதங்களை என்னிடம்தான் கொண்டுவருவார்கள். தனியே கூட்டிப்போய் மெதுவாகச் சொல்வது என் வழக்கம். இன்று அவர் சோறு வடித்தபடி, "பேர்னிலையிருந்து வந்திருக்கு. என்னவாம்?" என்று அரசாங்கக் கடிதமொன்றை நீட்டினார். முதல் வரியிலேயே விளங்கிவிட்டது. அவர் முகத்தைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே ஆறு பேர் முன்னால் உரக்கச் சொன்னேன்.

"அகதி விண்ணப்பம் சரிவரேல்லையாம், அண்ணை. திருப்பி அனுப்பப் போகினமாம்."

அவர் பானையை வைத்துவிட்டு அறைக்குப் போனார். சோற்றை மற்றவர்கள் சாப்பிட்டார்கள். நானும் சாப்பிட்டேன்.