மாப்பிள்ளை உயரத்துக்கு ஒரு ஜன்னல்

காளப்பநாயக்கன்பட்டி,
சித்திரபானு வருஷம், மார்கழி மாதம்.

கோலாரில் இருக்கும் மாப்பிள்ளை மாதேஸ்வரன் அவர்களுக்கு, மைத்துனன் அர்த்தனாரி வணக்கத்துடன் எழுதுவது. நீங்கள் அங்கே உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும். என் வீட்டில் எல்லோரும் சுகம். வைத்தியத்துக்கென்று வைகாசியில் நீங்கள் இங்கே கொண்டுவந்து விட்டுப்போன பொன்னம்மாளைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

என் தங்கை இப்போது வீட்டில் இல்லை. காசநோய் என்று தெரிந்ததும் தெருவில் பேச்சு கிளம்பிவிட்டது. என் கைக்குழந்தையை நினைத்து எனக்கும் பயம்தான். மலைக்காற்று நல்லது என்றார் டாக்டர். ஆனால் கொல்லிமலைப் பாதையில் டோலியில் தூக்கிப்போனாலும் அவள் தாங்கமாட்டாள் என்று அவரே சொல்லிவிட்டார். யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் என் லாரி சும்மா கிடந்தது. இருந்த கொஞ்சத்தை ஊற்றி, அடிவாரத்து ஓடைக்கரையில் கொண்டுபோய் நிறுத்தினேன். மலையிலிருந்து இறங்கும் காற்று அங்கே நேராக வரும். மிளகு மூட்டை ஏற்றிய லாரி இன்று அவளுக்கு வீடு. நான் அதன் அடியில் கயிற்றுக்கட்டில் போட்டுக்கொண்டேன்.

தகரக் கூண்டில் மனுஷி படுக்க முடியுமா? பகலில் அடுப்பாய்க் கொதித்தது, விடிகாலையில் உள்பக்கமெல்லாம் வேர்த்துச் சொட்டியது. அதனால் தகரத்துக்கு உள்ளே பலகை அடித்து, நடுவில் சாமை வைக்கோலைத் திணித்தேன். கொல்லிமலைக் குண்டூர் நாட்டில் மிளகு விளைக்கும் சின்னக்கண்ணு மேலிருந்து சுமந்து வந்து கொடுத்த வைக்கோல். சரியாக உதறாமல் திணித்துவிட்டேன் போலிருக்கிறது. ஐப்பசி மழை ஒழுகி, பலகை இடுக்கிலெல்லாம் சாமை முளைத்துவிட்டது. அண்ணன் லாரியில் வெள்ளாமை வைத்துவிட்டார் என்று பொன்னம்மாள் சிரித்தாள். வந்ததிலிருந்து அவள் சிரித்துப் பார்த்தது அன்றைக்குத்தான். சிரிப்பு இருமலாகி அடங்க வெகுநேரம் ஆயிற்று.

பிறகு அத்தனையையும் பிடுங்கிப் போட்டுவிட்டு இலவம்பஞ்சு அடைத்தேன். அதையும் சின்னக்கண்ணுதான் கொண்டுவந்தார். கூரைமேல் மூங்கில் தட்டியும் புல்லும் வேய்ந்தேன். தரையில் சாக்கின்மேல் சாக்காக விரித்து, காற்றுக்காகக் கூரையடியில் இரண்டு பக்கமும் சந்து விட்டிருக்கிறேன். குளிர் நின்றது. காய்ச்சலும் கொஞ்சம் தணிந்தது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

அப்போதுதான் அவள் கேட்டாள். "அவிய வந்தா உள்ள ஏற மாட்டாங்கண்ணா, வெளியவே நின்னுக்குவாங்க. படுத்துட்டே மொகத்தப் பாக்கற மாதிரி ஒரு சன்னல் வெச்சுக் குடுங்க."

மாப்பிள்ளை, தீபாவளிக்கு நீங்கள் சேந்தமங்கலம் வரை வந்து, அங்கிருந்தே திரும்பிப் போனதை என் கிளீனர் சுப்பையன் பார்த்திருக்கிறான். நான் அவளிடம் சொல்லவில்லை. அவளாகவே உங்களுக்கு வெளியே இடம் போட்டுக் கேட்டபோது எனக்கு உங்கள்மேல் வந்த கோபமும் போயிற்று.

அவ்வளவு பாடுபட்டு அடைத்த சுவரை வெட்டுவதா என்று மறுத்துப் பார்த்தேன். கேட்கவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கி, லாரியை ஒட்டி நின்றாள். தன் தலைக்குமேல் ஒரு சாண் வைத்து, நீங்கள் இவ்வளவு உயரம் என்று காட்டினாள். அந்த இடத்தில் கரிக்கோடு போட்டு, அதற்குக் கீழே வெட்டினேன். பஞ்சு வைத்துத் தைத்த கதவும் போட்டிருக்கிறேன். நின்றதற்கே அன்று சாயங்காலம் காய்ச்சல் ஏறிவிட்டது.

இப்போது கஷ்டம் அந்தக் கதவுதான். அதை மூடவே விடமாட்டேன் என்கிறாள். ரோட்டில் பஸ் சத்தம் கேட்டால் தலையணையை உயர்த்தச் சொல்கிறாள். மார்கழிக் குளிர் முழுவதும் அதன் வழியாகத்தான் உள்ளே போகிறது. டாக்டர் நேற்று வந்து பார்த்தார். மருந்தை மாற்றவில்லை. அவள் கேட்டதையெல்லாம் கொடுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

நீங்கள் உள்ளே ஏற வேண்டாம், எதையும் தொட வேண்டாம். துண்டால் வாயைக் கட்டிக்கொண்டாலும் அவள் ஒன்றும் நினைக்கமாட்டாள், கண் தெரிந்தால் போதும். ஒரே ஒரு முறை அந்தக் கரிக்கோட்டுக்குக் கீழே வந்து நின்றுவிட்டுப் போங்கள். அதன்பிறகு நான் கதவைச் சாத்தி ஆணி அடித்துவிடுகிறேன். அவள் குளிராமல் தூங்கட்டும்.

கொல்லிமலை அறப்பளீஸ்வரர் உங்களுக்கு நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும். பொங்கல் வரை காத்திருக்க வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் வரவை எதிர்பார்க்கும்
அர்த்தனாரி