விக்டோரியா மாதிரிக் காசு

7-11-56, புதன்
திருமயத்தில் விடாத தூறல். தாலுகா ஆபீசுக்கு லீவு. ஆவுடையார்கோவில் ஜவுளிக்கடை காதர் பாய் வந்தார், பஸ் மாறி மாறி, என் விக்டோரியாவைப் பார்க்க. செம்புக் காசு. லண்டன் அச்சுச்சாலையில் மாதிரிக்கு மட்டும் அடித்தது, புழக்கத்துக்கு வராதது. இந்த ஜில்லாவில் வேறு எவனிடமும் இல்லை.
பாய் விளிம்பில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்தக் கறுப்புதான் சார் இதுக்கு அழகு. தொடைச்சிராதீங்க, மதிப்பே போயிரும்." எனக்கே பாடம்! காசோடு ஜன்னலோரம் ஐந்து நிமிஷம் முதுகைக் காட்டி நின்றார். ஏன்?
அவரைப் பஸ் ஏற்றிவிட்டு வந்ததும் ஜலதோஷம், படுத்துவிட்டேன். காசு மேசைமேலேயே.

8-11, வியாழன்
மழை. ஆபீசில் ஃபைல் மலை. வீட்டில் என் மனைவி கமலம் வெள்ளிக்கிழமைக்கு விளக்கு தேய்த்துக்கொண்டிருந்தாள். தலைவலி. கஷாயம்.

9-11, வெள்ளி
காசைப் பெட்டியில் வைக்க எடுத்தேன். பளபளவென்று புதுக்காசு! மாற்றிவிட்டான். பத்து வருஷப் பழக்கம், படுபாவி.
ஆசாரி தராசில் நிறுத்தேன். என் நோட்டில் குறித்த எடையேதான். எடைகூடப் பிசகாமல் போலி அடித்திருக்கிறான், கில்லாடி!
கார்டு போட்டேன்: "என் காசை மாற்றி எடுத்துப் போனது தெரியும். திருப்பித் தரவும்." கவரில் எழுதியிருக்கலாம். கார்டென்றால் ஊரே படிக்கும். படிக்கட்டும்.
வாங்க வேண்டியது: மண்ணெண்ணெய், மிளகு, பெட்டிக்குப் புதுப் பூட்டு.

12-11, திங்கள்
வெயில். பாய் வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை, வாசலிலேயே நின்றார்.
"ஒங்க கார்டைத் தபால்காரர் கடையில வச்சே படிச்சுட்டாரு சார். யாவாரிங்க எல்லாம் இருந்தாங்க."
மடியிலிருந்து பஞ்சுப் பொதி. உள்ளே அவருடைய மாதிரிக் காசு, வில்லியம் ராஜா தலை போட்டது. எத்தனையோ தடவை கேட்டும் எனக்குத் தராதது.
"ஒங்க காசு எங்கிட்ட இல்ல. எங்கிட்ட இருக்குறது இதுதான். வச்சுக்கங்க. ஒங்க மனசு ஆறட்டும்."
காபி வேண்டாமென்று போய்விட்டார். நடிப்பா? யோசித்துக்கொண்டிருந்தேன். கமலம் வந்து அதைக் கையிலெடுத்தாள்.
"இதுவும் கரியாக் கெடக்கே. அன்னைக்கு ஒங்க காசை வெளக்கோட போட்டுத் தேச்சேனே, அது மாதிரி இதையும் புளி போட்டுத் தேச்சிரட்டுமா?"
ஓடினேன். பஸ் கிளம்பிவிட்டது. கத்தினேன். பின் ஜன்னலில் பாய். பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

13-11, செவ்வாய்
மறுபடி லீவு. முதல் பஸ். இரண்டு காசும் சட்டைப் பையில். வெட்கமாக இருக்கிறது, பயமாகவும். கார்டைக் கடைத்தெருவே கேட்டது, நான் மன்னிப்புக் கேட்பதும் கடைத்தெரு முழுக்கக் கேட்க வேண்டும். தொண்டை வேறு கட்டியிருக்கிறது.