நீங்கள் சாப்பிடாத நெம்

அண்ணா,

இன்று அரிசித்தாளை வெந்நீரில் நனைத்துத் தட்டில் விரித்தபோது சன்னலுக்கு வெளியே பனி கொட்டத் தொடங்கியது. புதினாவைக் கிள்ளினேன். அந்த வாசனையோடு பார்க் எக்ஸ்டென்ஷன் வீட்டு மாடியும் உங்கள் அடுப்படியும் மிதந்து வந்தன. பின்னாலேயே நீங்களும் வந்துவிட்டீர்கள்.

எழுபதுகளில் மொன்றியலுக்கு வந்த புதிதில் எனக்குப் பிரெஞ்சில் ஒரு வார்த்தை வராது. எதிர்வீட்டுப் புதுச்சேரிக்காரரான நீங்கள்தான் தெப்பனேர் என்கிற மூலைக்கடைக்குக் கூட வந்து பால் வாங்கித் தந்தீர்கள். ஞாயிறானால் நெம் பொரிப்பீர்கள். அரிசித்தாளில் கறியும் சேமியாவும் வைத்துச் சுருட்டிய அந்த வியட்நாம் பலகாரத்தைப் புதினாவோடு லெட்டூஸ் இலையில் பொதிந்து, எங்கள் வாயில் ஊட்டாத குறைதான். நீங்கள் மட்டும் ஒன்றைக்கூடத் தொட்டதில்லை. உங்கள் நாக்குக்கு மட்டும் என்ன விரதம் என்று சீண்டுவேன். சைகோனில் ஜவுளிக்கடையில் இருந்தபோது கற்றது என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவீர்கள். நானும் நம்பினேன். பிரெஞ்சுக்காரர் ஆண்ட உங்கள் ஊரில் சைகோன் போய் வந்தவர்களுக்கா பஞ்சம்!

பிறகு கீழ்வீட்டுக்கு வியட்நாமிலிருந்து ஒரு குடும்பம் குடிவந்தது. நெம் கொண்டுபோய்க் கொடுங்களேன் என்றேன். உங்கள் முகம் செத்துவிட்டது. அன்றுதான் சொன்னீர்கள், ஜவுளிக்கடையெல்லாம் பொய், பிரெஞ்சுப் பட்டாளம் என்று. விடுதலைக்குப் போராடியவர்களைத் தேடி ஒரு கிராமத்தில் தங்கியிருக்கிறீர்கள். உங்கள் கறுத்த முகத்தைப் பார்த்து, நீயும் இவர்களிடம் மாட்டிக்கொண்டவன்தானே என்று சைகையில் கேட்டு, ஒரு பெண் பக்கத்தில் உட்காரவைத்து நெம் போட்டிருக்கிறாள். சுருட்டவும் கற்றுக்கொடுத்திருக்கிறாள். மறுநாள் உத்தரவு வந்தது. அவள் கூரைக்குத் தீ வைத்தது உங்கள் கை.

"எங்க கத்துக்கிட்டேன்னு அவங்க கேட்டா என்னம்மா சொல்லுவேன்?" என்றீர்கள்.

நான் நெம் தட்டை எடுத்துக்கொண்டு உங்களோடு கீழே வந்தேன், அவ்வளவுதான்.

அந்த வீட்டம்மா அதையேதான் கேட்டார். நீங்கள் உட்காரக்கூட இல்லை. நின்றபடியே எல்லாவற்றையும் பிரெஞ்சில் சொன்னீர்கள். அதற்குள் எனக்கும் அந்தப் பாஷை காதில் ஏறியிருந்தது. அந்தம்மா, அந்தக் கிராமம் தன் ஊர் இல்லை, அந்தப் பெண்ணுக்காக மன்னிக்கத் தனக்கு உரிமையும் இல்லை என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார். தட்டோடு திரும்பி ஏறினோம்.

அடுத்த ஞாயிறு உங்கள் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. கையில் மீன்சாற்றுப் புட்டியோடு கீழ்வீட்டம்மா நின்றார். உள்ளே வந்து மேசையில் உட்கார்ந்தார். ஒரு நெம்மை இலையில் சுற்றி, சாற்றில் தோய்த்து, உங்கள் முன்னால் வைத்தார்.

"முதல்ல நீங்க சாப்பிடணும்னு சொல்றாங்க," என்றேன், உங்களுக்குப் பிரெஞ்சு தெரியாதது போல.

சாப்பிட்டீர்கள். கண்ணீர் தாடை வழியே இறங்கியது, துடைக்கவில்லை. அவர் அதன் பிறகுதான் தனக்கு ஒன்றை எடுத்துக்கொண்டார்.

நீங்கள் விட்டுச்சென்ற புதினாத் தொட்டி இப்போது என் சன்னலில் இருக்கிறது, அண்ணா. நெம் சுருட்ட யாரிடம் கற்றாய் என்று விருந்துக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். உங்களைச் சொல்வதற்கு முன்னால், பெயர் தெரியாத அந்தக் கிராமத்துப் பெண்ணைச் சொல்லிவிடுகிறேன்.