உன் அப்பா துப்ப மாட்டேன் என்கிறார்

அன்பு மகள் சில்வண்டுக்கு,

உன் சித்தப்பன், இந்த வீட்டு மாடியறையின் ஏகச் சக்கரவர்த்தி, எழுதிக்கொள்வது. அங்கே உன் உடம்பும் வேலையும் குறையில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் என்று நம்புகிறேன். இங்கே உன் அம்மா சுகம். என் சுகத்துக்கு என்ன குறைச்சல், கண்ணாடி முன்னால் போய் நின்றால் அதுவே எழுந்து வணக்கம் வைக்கிறது. உன் அப்பா கதைதான் சொல்லி மாளாது. போனில் சொல்லலாமென்றால் என் அண்ணன் ஸ்பீக்கரைப் போடு என்று பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறார், அதனால்தான் காகிதத்தில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அது கோபம், வயதென்று நினைத்துவிடாதே.

கொஞ்ச நாளாகவே சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துக்கொண்டிருந்தார். பஞ்சை மெல்லுற மாதிரி இருக்கு, உப்பு உறைப்பு ஒண்ணும் தெரியலை என்று சமையல் மேல் பழி. உன் அம்மா ரோஷத்தில் உப்பை அள்ளிக் கொட்ட, அந்த வாரம் நான் குடித்த தண்ணீரில் ஒரு கப்பலே மிதந்திருக்கும். கடைசியில் டார்ச் அடித்து வாயைத் திறங்க என்றேன். அடேயப்பா, நாக்கிலும் கன்னத்தின் உள்பக்கத்திலும் திரிந்த பால் ஒட்டினாற்போல வெள்ளை வெள்ளையாய்த் திட்டுகள், பனிமலையே உள்ளே படுத்திருக்கிறது. மனுஷன் அதைப் பாலாடை என்று நினைத்து பிரஷ்ஷால் சுரண்டியிருக்கிறார், அடியில் சிவந்து ரத்தம் கசிந்து எரிச்சல் தாங்காமல்தான் டாக்டரம்மாவிடம் வரச் சம்மதித்தார். அது வாயில் வருகிற பூஞ்சைத் தொற்றாம். அந்தப் பூஞ்சை எல்லார் வாயிலும் கொஞ்சம் சாதுவாகக் குடியிருக்குமாம், இடம் கொடுத்தால் தலைக்கு மேல் ஏறிவிடுமாம், நம் சொந்தக்காரர்கள் சிலரைப் போல. உன் அப்பா கொடுத்த இடம் கொஞ்சநஞ்சமா? ஆஸ்துமாவுக்குத் தினமும் உறிஞ்சுகிற இன்ஹேலர் மருந்து வாயிலேயே தங்குகிறது, பல்செட்டைத் தூங்கும்போதும் கழற்றுவதில்லை, சர்க்கரையோ கூரையில் உட்கார்ந்திருக்கிறது.

டாக்டரம்மா சொன்னது மலையைப் புரட்டுகிற வேலை இல்லை. மருந்தை உறிஞ்சினதும் தண்ணியால வாயை நல்லாக் கொப்பளிச்சுத் துப்பிடுங்க, அவ்வளவுதான் என்றார். காசு குடுத்து வாங்கின மருந்தைத் துப்பச் சொல்றாளே, இவளெல்லாம் ஒரு டாக்டரா என்று வாசல் தாண்டியதுமே ஆரம்பித்தார் உன் அப்பா. வெட்டின துணியில் விரல் அகலம் மிஞ்சினாலும் அதைச் சட்டைப்பைக்கு உள்துணியாக்குகிற தையல்காரர் அல்லவா, கொப்பளித்த தண்ணீரையும் விழுங்கிவிட்டார்! நெஞ்சுக்குப் போகவேண்டியது போயாச்சு, வாயில மிச்சம் இருக்கிறதுதான் வம்பு என்று நான் தொண்டை கிழியக் கத்தினதில் எதிர்வீட்டு நாய்க்கே புரிந்துவிட்டது, அவருக்குப் புரியவில்லை. பூஞ்சைக்குக் கொடுத்த மருந்தை வாய் முழுக்கப் படும்படி கொஞ்ச நேரம் வைத்திருக்க வேண்டும், அதை ஒரே மடக்கில் உள்ளே அனுப்புகிறார். துப்ப வேண்டியதை விழுங்குவார், வைத்திருக்க வேண்டியதையும் விழுங்குவார். ராத்திரி பல்செட்டைக் கழற்றித் தேய்த்துக் கழுவித் தண்ணீரில் போடுங்கள் என்றால், தூக்கத்துல செத்துப் போனா பொக்கை வாயைப் பார்த்து வர்றவன் சிரிப்பான் என்கிறார். இந்த அழகனைக் கட்டிக்கொண்டு உன் அம்மா படும் பாடு!

இதில் உன் பங்கும் உண்டு, கோபித்துக்கொள்ளாதே. போன ஞாயிறு நீ போனில், அந்த இன்ஹேலராலதான்ப்பா வந்திருக்கும், அதுக்காக நிறுத்திடாதீங்க, கொப்பளிச்சுத் துப்புங்க என்று சரியாகத்தான் சொன்னாய். அவர் காதில் விழுந்தது முதல் பாதி. அன்றைக்கே இன்ஹேலரைப் பொத்தான் டப்பாவுக்குள் போட்டு மூடிவிட்டார். கேட்டால், என் பொண்ணே சொல்லிட்டா, நீ என்ன பெரிய இவனா என்கிறார். லிஃப்ட் இன்ஜினியரான மகள் நீ வாயைத் திறந்தால் டாக்டரம்மா தோற்றார், நான் தோற்றேன், உன் அம்மா அழுதும் தோற்றாள். செவ்வாய்க்கிழமை கடையில் துணி வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தரிக்கோலைக் கீழே வைக்கக்கூட மூச்சில்லாமல் மேஜை மேலேயே சாய்ந்துவிட்டார். அளவு கொடுக்க வந்த அம்மாள்தான் அவர் பையைத் துழாவி, அவசரத்துக்கு வைத்திருக்கும் இன்னொரு இன்ஹேலரை எடுத்துக் கொடுத்திருக்கிறாள். அவர் சொன்ன காரணம், துணித் தூசி. டாக்டரம்மா கொதித்துவிட்டார், வாய்ப்புண்ணை மருந்து குடுத்து ஆத்திடுவேன், மூச்சு நின்னா எதைக் குடுத்து ஓட வைக்கிறது என்று கேட்டார்.

ஆகவே மகளே, இதைப் படித்ததும் அவரைக் கூப்பிடு. விளக்கம் வேண்டாம், காரணம் வேண்டாம், நீ எத்தனை சொன்னாலும் முதல் வார்த்தைதான் அவருக்கு ஏறும். எடுத்தவுடன், அப்பா இன்ஹேலரை உறிஞ்சுங்க என்று சொல். உறிஞ்சி முடிக்கும்வரை போனை வைக்காதே. அப்புறம் கொப்பளிக்கச் சொல். துப்புகிற சத்தம் உன் காதில் விழ வேண்டும். நீயும் சளி பிடித்தால் கண்ட ஆன்டிபயாடிக்கை நீயாக வாங்கி விழுங்காதே, அதுவும் இந்தப் பூஞ்சைக்கு விருந்து வைக்குமாம்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மாடிப்படி ஏறி வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். யாருக்கு எழுதுறே என்றார். உங்க பொண்ணுக்கு என்றேன். நான்... நல்லாத்தான்... இருக்கேன்னு... எழுது என்றார். அவர் சொன்னபடியே எழுதிவிட்டேன், புள்ளி வைத்த இடமெல்லாம் அவர் மூச்சுக்கு நின்ற இடம்.

நீ நூறாண்டு வாயும் வயிறும் நிறைந்து வாழ்க. நாளைக்குப் பேசலாமென்று இருந்துவிடாதே, இப்போதே கூப்பிடு.

உன் நல்வாழ்வன்றி வேறொன்றும் வேண்டாத,
சித்தப்பா