நீச்சல் குளத்து வழக்கு

என் செல்ல மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், அவருடைய வலது முழங்கால் மட்டும் எங்கள் பேச்சைக் கேட்காமல் தனிக்கட்சி நடத்துகிறது, மற்றபடி குறை ஒன்றும் இல்லை. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் இதை ஆரம்பிக்கிறேன், அந்த இருமல் போய்விட்டதா என்பதை மட்டும் ஒளிக்காமல் சொல். போன தடவை போனில் நீ, "ரிட்டையர் ஆகிட்டு வீட்டுல போர் அடிக்குதாம்மா?" என்று கேட்டாய். நான் சிரித்துவிட்டு வைத்துவிட்டேன். போனில் சொல்லி முடிகிற விஷயமா அது? பாதியில் லைன் போகும், மீதி என் தொண்டையிலேயே நிற்கும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். போர் அடிப்பதாவது! எனக்குத் தலை சீவ நேரமில்லை. சமையல் இப்போது அப்பா கையில், உப்பு ஒரு நாள் இருக்கும், ஒரு நாள் இரண்டு தடவை இருக்கும், நான் வாயைத் திறப்பதில்லை.

நம் நகராட்சி நீச்சல் குளத்தைப் புதுப்பிக்கிறார்கள் என்று சொன்னேன் அல்லவா, வேலை முடிந்து தண்ணீரும் விட்டாயிற்று, காலையில் ஆட்கள் வந்து நீந்தவும் ஆரம்பித்துவிட்டார்கள், விழா மட்டும்தான் பாக்கி. அதற்கு ஒரு குழு. காலமெல்லாம் பள்ளிப் பிள்ளைகளை அந்தத் தண்ணீரில் இறக்கிக் கை கால் அடிக்க வைத்த விளையாட்டு டீச்சர் என்பதால் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். குழுத் தலைவர் முன்னாள் வங்கி மேனேஜர், தொண்டையைச் செருமாமல் ஒரு வார்த்தை பேச மாட்டார், ஆனால் கெட்ட மனுஷர் இல்லை. வாசலில் பதிக்கிற கல்லுக்கு ஒரு வாசகம் எழுதி வைத்திருந்தார். அன்றைய நகராட்சியின் பெருந்தன்மையால் இக்குளம் ஊர் மக்கள் அனைவருக்கும் திறந்துவிடப்பட்டது, இவ்வளவுதான். வருடம் மட்டும் சரியா என்று யாராவது நூலகத்தில் பார்த்து வந்தால் நல்லது என்றார். நான் பார்க்கிறேன் என்று வாயைக் கொடுத்தேன். ஒரே காலையில் முடிகிற வேலை என்று நினைத்தேன், கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகிவிட்டது.

நம் பெரிய நூலகத்து மாடியில் ஆவணப் பிரிவு என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. அங்கே பொறுப்பில் இருப்பவளுக்கு உன் வயதுதான் இருக்கும். போனதுமே என் பேனாவைப் பிடுங்கிக்கொண்டு ஒரு பென்சிலைக் கொடுத்தாள், அங்கே மை ஆகாதாம், பழைய தாளில் ஒரு சொட்டு பட்டால் போனது போனதுதானாம். அன்றிலிருந்து வீட்டில் அவளுக்குப் பென்சில்காரி என்றே பெயர், அவளிடமே சொல்லிவிட்டேன், சிரித்தாள். பழைய செய்தித்தாள்களைப் படமெடுத்துச் சுருளாக வைத்திருக்கிறார்கள், ஒரு பெட்டிக்குள் சுருளை மாட்டித் திருகினால் திரையில் பக்கம் பக்கமாக ஓடும், எனக்கு முதலில் தலை சுற்றியது, அப்புறம் பிடித்துப்போய்விட்டது. தலைவர் சொன்ன வருடத்துப் பேப்பரில் குளம் திறந்த செய்தி இருந்தது. அதற்கு முந்திய வருடம் குளம் மூடியே கிடந்திருக்கிறது. அதற்கு முந்திய வருடமும் மூடித்தான். பழுது பார்ப்பதற்காகக் காலவரையின்றி மூடல் என்று மூலையில் நாலு வரி. நான் அதைத் தாண்டிப் போகப் பார்த்தேன். பென்சில்காரி பின்னாலிருந்து, "டீச்சர், நல்லா ஓடிட்டிருந்த குளத்தை வெயில் காலத்துல யாராவது மூடுவாங்களா? அதுக்கு முந்தின வாரம் கோர்ட்டுல என்ன நடந்துச்சுன்னு பாருங்க, மூடினதுக்குக் காரணம் பெரும்பாலும் அங்கதான் இருக்கும்" என்றாள். பழைய நீதிமன்றக் கட்டுகளெல்லாம் இப்போது அந்த நூலகத்துக்கே வந்துவிட்டனவாம்.

மறுநாள் அவள் ஒரு கட்டைத் தள்ளுவண்டியில் வைத்து, குழந்தையைத் தொட்டிலோடு கொண்டு வருவதுபோலக் கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள். நாடாவை அவிழ்த்தேன். குளத்து வழக்கு! ஆலைக்குப் பின்னால் இருக்கிற தெருக்கள் உனக்குத் தெரியும், உன் கூடப் படித்தவர்கள் பாதிப் பேர் அங்கிருந்து வந்தவர்கள்தானே. அந்தத் தெருக்காரர்களை அப்போது குளத்துக்குள் விடுவதில்லையாம். விடக்கூடாது என்று எங்கும் பலகை கிடையாது, அதுதான் சாமர்த்தியம். சீட்டு கொடுக்கிறவர் எந்தத் தெரு என்று கேட்பார், தெருவைச் சொன்னதும், இன்னைக்கு நிரம்பிடுச்சு, நாளைக்கு வாங்க என்பார். மறுநாளும் நிரம்பித்தான் இருக்கும். வருடக்கணக்கில் நிரம்பியே இருந்த குளம்! நான் இந்த ஊருக்கு வேலைக்கு வந்தபோது எல்லாரும் குதித்துக்கொண்டிருந்தார்கள், இப்படி ஒன்று நடந்தது என்று ஒருவரும் மூச்சுவிடவில்லை. ஒரு கோடைக்காலத்தில் அந்தத் தெருவிலிருந்து மூன்று பேர், இரண்டு பெண்களும் ஒரு பையனும், யாருக்கும் இருபதுகூட ஆகவில்லை, நிரம்பிவிட்டது என்ற பதிலை வாங்கிக்கொண்டு திரும்பாமல் நேராக ஒரு வக்கீல் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். சாட்சிக் கூண்டில் சீட்டுக்காரர், அன்று சாயங்காலம் நாலு மணிக்குக் கால் வைக்க இடமில்லை என்று அடித்துச் சொன்னார். அப்போது அந்த வக்கீல் அந்தத் தேதிக்கு மறுநாள் வந்த காலைப் பேப்பரை எடுத்து நீட்டினாராம். வெயிலுக்கு இதமான நம் ஊர்க் குளம் என்று ஒரு படம், எதிர்த்த விடுதி மாடியிலிருந்து எடுத்தது. குளத்துக் கட்டடத்துக் கடிகாரத்தில் மணி நாலு. தண்ணீரில் ஆறு பேரும் ஒரு பந்தும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவர்களை அந்தப் படம் காட்டிக்கொடுத்துவிட்டது! ஊரில் குடியிருக்கும் எவருக்கும் இடமில்லை என்று சொல்லக்கூடாது என்று தீர்ப்பு. நான் என்னை மறந்து கைதட்டிவிட்டேன், பக்கத்து மேசையில் படித்துக்கொண்டிருந்தவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு முறைத்தார். தீர்ப்பு வந்த அன்றே நகராட்சி குளத்துத் தண்ணீரையெல்லாம் வெளியேற்றிவிட்டு, பழுது என்று பூட்டும் போட்டுவிட்டது. எல்லாரையும் விடுவதற்குப் பதில் யாரையும் விடாமல் இருந்துவிடலாம் என்று. இரண்டு வருடம் கழித்து, அந்தத் தீர்ப்பை மீற வழியில்லாமல்தான் எல்லாருக்குமாகத் திறந்திருக்கிறார்கள். தலைவர் பெருந்தன்மை என்று எழுதினாரே, அது இதுதான்.

ஆனால் பெரிய ஆச்சரியம் அங்கே இல்லை. வழக்குப் போட்டவர்கள் யார் என்று முதல் பக்கத்துக்குத் திருப்பினேன். முதல் பெயரை விரல் வைத்து இரண்டு தடவை படித்தேன். அந்தப் பெயர் எந்தக் கடைப் பலகையில் இருக்கிறது என்று உனக்கே தெரியும். உனக்குச் சீருடை தைத்துக் கொடுத்த தையல்கார அக்கா! நீ வளர்ந்துவிடுவாய் என்று மடிப்பில் எப்போதும் இரண்டு விரல் துணி விட்டுத் தைப்பாரே, அவரேதான்.

பென்சில்காரிக்கு என்னைவிடக் குஷி. அந்தப் பத்திரிகை மூடியபோது அதன் படச் சுருள்களை நூலகத்துக்குத்தான் கொடுத்தார்களாம், யாரும் இன்னும் பிரித்துப் பார்க்காத பெட்டிகள். இரண்டு பேரும் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு விளக்குப் பலகைமேல் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தோம். கல்யாணங்கள், கால்பந்து, யாரோ ஒருவரின் பரிசு பெற்ற காளை, என்னென்னவோ. கடைசியில் அந்தப் படம் வந்தது, பேப்பரில் வந்ததைவிடப் பெரிதாக. அச்சில் இடது பக்கத்தை வெட்டிவிட்டிருக்கிறார்கள். வெட்டிய பக்கத்தில் வெளி வாசல், சீட்டு ஜன்னல், ஜன்னலுக்கு முன்னால் தோளில் துண்டோடு மூன்று பேர். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "டீச்சர், மூணு பேரும் இங்கயேதான் இருந்திருக்காங்க" என்றாள். 

படத்தைப் பெரிதாக அச்செடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். பித்தான் வைத்துக்கொண்டிருந்தார். படத்தைக் கையில் வாங்கி முகத்துக்குப் பக்கத்தில் வைத்து, தள்ளி வைத்து, ரொம்ப நேரம் பார்த்தார். "இந்தத் துண்டு எங்க அக்காவோடது. கேட்காம எடுத்துட்டுப் போனேன்" என்றார். அந்த வயதில் தன்னைப் படத்தில் பார்த்ததே இல்லையாம். ஜெயித்தீர்களே அக்கா, அப்புறம் நீந்தினீர்களா என்று கேட்டேன். "எங்க டீச்சர்? அவங்க திரும்பத் தண்ணி விடறதுக்குள்ள எனக்குக் கல்யாணம் ஆகி இடுப்புல ஒண்ணு இருந்துச்சு. என் பையன் நல்லா நீந்துவான், கரையில உக்காந்து பார்ப்பேன். கோர்ட்டுக்குப் போன பொண்ணுன்னு தெரிஞ்சா யாரும் கட்டிக்க மாட்டாங்கன்னு எங்கம்மா வாயை மூடிக்கச் சொன்னாங்க. மூடினேன். அப்புறம் திறக்க மறந்துபோச்சு" என்று சிரித்தார். கல்லில் உங்கள் பெயர் வர வேண்டும், குழுவுக்கு வாருங்கள் என்றேன். சிரிப்பு போய்விட்டது. "வேண்டாம் டீச்சர், எல்லாத் தெருக்காரங்களும் என்கிட்டதான் தைக்கிறாங்க, எனக்குக் கடை நடக்கணும்" என்றார். நான் வற்புறுத்தவில்லை, படத்தை மட்டும் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் கடை திறக்கவில்லை. உன் அப்பா வேறு, "வேலியில போன ஓணானை எடுத்து அந்தம்மா மடியில விட்டுட்டியே" என்றார். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை, உப்பு சரியாகத்தான் இருந்தது.

அதற்கு அடுத்த நாள் குழு கூடியது. நான் கட்டின் நகலையும் படத்தையும் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். தலைவர் செருமிக்கொண்டு, "ஆறின கஞ்சியை எதுக்கும்மா கிளறணும், நல்ல நாள்ல மனஸ்தாபம் வேணாமே" என்றார். சிலர் தலையாட்டினார்கள். அடுத்த விஷயத்துக்குப் போகலாம் என்று அவர் தாளைப் புரட்டும்போது கதவு திறந்தது. அக்கா, பின்னால் அவர் மகன், பேருந்து ஓட்டுகிறானே, அவன். காக்கிச் சட்டையோடு வந்திருந்தான், கண் சிவந்திருந்தது. முதல் நாள் முழுக்கக் கடையைச் சாத்திவிட்டு அம்மாவும் மகனும் இதைத்தான் பேசியிருக்கிறார்கள். ஏன் என்கிட்ட சொல்லவே இல்ல என்பதைத் தவிர அவன் வேறொன்றும் கேட்கவில்லையாம். அக்கா நாற்காலியில் உட்காரவில்லை. நின்றபடியே, "ஐயா, என்னைப் பெருமையா எழுத வேண்டாம். நடந்ததை எழுதுங்க. பெருந்தன்மைன்னு எழுதினா நாங்க பிச்சை கேட்டு வாங்கினதா ஆயிடும். நாங்க கேட்டது பிச்சை இல்ல, சீட்டு. கையில காசு வச்சுக்கிட்டுத்தான் நின்னோம்" என்றார். தலைவர் தொண்டையைச் செருமினார், இன்னொரு தடவை செருமினார். பிறகு தன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, தான் எழுதிய வாசகத்தைத் தானே குறுக்கே அடித்தார். அந்த மனுஷரை அன்றைக்கு எனக்குப் பிடித்துப்போயிற்று. புது வாசகத்தை அங்கேயே உட்கார்ந்து எல்லாரும் சேர்ந்து எழுதினோம். நிரம்பிவிட்டது என்று சொல்லித் திருப்பி அனுப்பப்பட்ட மூவர் வழக்காடி இக்குளத்தை எல்லாருக்கும் திறந்தார்கள், கீழே மூன்று பெயர்கள்.

நேற்றுக் காலை அக்காவைக் குளத்துக்குக் கூட்டிப் போனேன். கழுத்திலிருந்து கணுக்கால் வரை கருநீலத்தில் தானே ஒரு நீச்சல் உடுப்பு தைத்துக்கொண்டு வந்திருந்தார், தண்ணீரில் கனக்குமே அக்கா என்றதற்கு, "ஊருக்கெல்லாம் அளவெடுக்கிறவளுக்குத் தன் அளவு தெரியாதா, பேசாம இறங்குங்க" என்றார். படியில் ஒவ்வொன்றாக இறங்கினோம், மார்பளவு வந்ததும் என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் நெளிந்துவிட்டது. முதுகுக்கடியில் கை கொடுத்து மிதக்க வைத்தேன். முதலில் மரக்கட்டைபோல விறைப்பு, பிறகு மெல்ல மெல்ல உடம்பு தளர்ந்தது, காது தண்ணீருக்குள் போனது, மேலே பார்த்தபடி கிடந்தார். நான் கையை எடுத்ததை அவரிடம் சொல்லவில்லை. கரையேறித் தலை துவட்டும்போது ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், "நாளைக்கு எத்தனை மணிக்கு டீச்சர்?"

சரி, இப்போது உனக்கு ஒரு வேலை. மூவரில் அக்காவின் தோழி இறந்துவிட்டார், அவர் வீட்டார் பெயரைச் சொல்லிவிட்டார்கள். அந்தப் பையன் அக்காவுக்குச் சித்தி மகன், இப்போது தன் மகளோடு உங்கள் நாட்டில்தான் இருக்கிறாராம், நீ இருக்கும் ஊரிலிருந்து ரயிலில் போய்விடலாம், விலாசம் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். போன் நம்பர் யாரிடமும் இல்லை. நீதிமன்றக் கட்டில் அவர் பெயரை ஓரிடத்தில் ஒரு மாதிரியும் இன்னோரிடத்தில் வேறு மாதிரியும் எழுதியிருக்கிறார்கள், அக்காவுக்கும் நிச்சயமில்லை. கல் வெட்டுகிறவர் காத்திருக்கிறார். இதோடு ஒரு படம் வைத்திருக்கிறேன், அவருக்கும் தன்னை அந்த வயதில் பார்க்கக் கிடைத்திருக்காது, மெதுவாகக் கொடு, அவசரப்படுத்தாதே, அவர் பேசினால் நாள் முழுக்க ஆனாலும் உட்கார்ந்து கேள். வெறும் கையோடு போகாதே, பழமாவது வாங்கிப் போ. மாப்பிள்ளையையும் கூட்டிப் போ, பாதி வழியில் தூங்கிவிடாமல் பார்த்துக்கொள். தம்பிக்கு வாரம் ஒரு தடவை போன் செய், அவனாகச் செய்ய மாட்டான்.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும், நினைத்ததெல்லாம் கைகூட வேண்டும். அப்பா தன் ஆசியையும் சேர்த்து எழுதச் சொன்னார், முழங்கால் வலிக்கிறதென்று எழுதச் சொல்லவில்லை, அதை நானாக எழுதினேன். மறந்துவிடாதே கண்ணு, அவர் பெயரை நீயாகக் கேட்டு எழுதிக்கொள்ளாதே. தாளைக் கொடுத்து, அவர் எப்படி எழுதுவாரோ அப்படியே அவர் கையால் எழுதி வாங்கி அனுப்பு. அப்படித்தான் கல்லில் வெட்டப் போகிறோம்.

உன் பிரியமுள்ள
அம்மா