வளைவு வரை பர்மிட்

ஞாயிறு மாலை

மஸ்கட்டில் இருக்கும் என் கணவர் ராபினுக்கு விக்டோரியா எழுதுவது. நானும் உங்கள் அப்பாவும் சுகம். அவருடைய முழங்காலுக்கு மட்டும் தனியாக ஜெபம் பண்ணுங்கள்.

போனில் பேசினால், நான் சொல்லி முடிப்பதற்குள் கும்மிடிப்பூண்டி வேலையை விடு என்கிறீர்கள். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. அதனால்தான் எழுதுகிறேன். பஸ் இல்லாத ஊரில் ஷிப்ட் வேலை வேண்டாம் என்பதுதானே உங்கள் வாதம்?

பஸ் வந்துவிட்டது. மினிபஸ். மனு கொடுத்தபோது, கடைசி நிறுத்தமாக மெயின் ரோட்டில் நிற்கும் ஊர்ப்பெயர் போட்ட அலங்கார வளைவைத்தான் போட வேண்டும் என்று வளைவு கட்டிய கமிட்டி பிடிவாதம் பிடித்தது. ஊர் அங்கிருந்து வயல் தாண்டி உள்ளே இருப்பது யாருக்கும் ஞாபகம் வரவில்லை. கேட்டதை அரசாங்கம் அப்படியே கொடுத்தது. பர்மிட் வளைவோடு முடிந்தது.

ஆனால் வளைவில் வண்டி திரும்ப இடமில்லை. சர்ச் மைதானத்துக்கு வந்துதான் திரும்ப வேண்டும். திரும்புவதற்குச் சட்டத்தில் தடையில்லை. பர்மிட் இல்லாத சாலையில் ஆளை ஏற்றி வரத்தான் தடை. ஆகவே நாங்கள் வளைவில் இறங்குவோம். பஸ் காலியாக முன்னே போகும். நாங்கள் சேற்றில் பின்னே போவோம். ஷிப்ட் முழுக்க நின்ற காலோடு அப்படி நடக்கும்போது, நீங்கள் சொன்னபடி வேலையை விட்டுவிடலாம் என்று நானும் நினைத்ததுண்டு.

போன மாதம் போக்குவரத்து அதிகாரி ஒருவர் பார்வையிட வந்தார். டிரைவர் அன்புசெல்வன் அவரையும் வளைவில் இறக்கிவிட்டு, "உங்க சட்டத்த நான் எப்டி சார் மீறுவேன்?" என்று பணிவாகக் கேட்டார். அதிகாரியும் எங்களோடு நடந்தார். மருந்து வாங்கிக்கொண்டு அதே பஸ்ஸில் வந்த உங்கள் அப்பா சும்மா வராமல், "காலி வண்டி முன்னால போவுது, நாம பின்னால நடந்துகினு போறோம். இன்னா சார், யார்னா செத்துட்டாங்களா?" என்றார். அதிகாரி சிரிக்கவில்லை. தன் ஷூவைப் பார்த்தார்.

நேற்று முதல் பர்மிட் சர்ச் மைதானம் வரை. வளைவில் இப்போது யாரும் இறங்குவதில்லை என்று கமிட்டிக்குத்தான் வருத்தம்.

கம்பெனியில் என்னை நிரந்தரமாக்கிவிட்டார்கள். வீட்டுச் செலவும் அப்பாவின் மருந்தும் என் சம்பளத்திலேயே நடக்கிறது. அங்கே ஒப்பந்தத்தை நீட்டிக்கக் கையெழுத்துக் கேட்கிறார்கள் என்றீர்களே, போடுமுன் யோசியுங்கள். இந்த வீட்டில் ஒருவர் வேலையை விட்டே ஆகவேண்டுமென்றால், அது நீங்களாக இருக்கட்டும்.

கர்த்தர் உங்களை வழிநடத்தட்டும். கூடுமானால் இந்தப் பக்கமாக.

அன்புடன்,
விக்டோரியா