மேற்குச் சுவர்

மார்ச் 4, செவ்வாய்

டெங்கில் ஊரில் நாங்கள் வீடு கட்டும் சைட்டுக்குக் கடைசி லோரி கண்ணாடியும் போய்ச் சேர்ந்தது. வீடுகளைக் கட்டுவது தம்பி முகுந்தன். கதவு, ஜன்னல், அலுமினியச் சட்டம் எல்லாம் என் கிள்ளான் கடைச் சரக்கு. இலாபத்தில் பாதிப் பாதி.

வெள்ளிக்கிழமை சிவநேசன் வருகிறான். பிரிக்பீல்ட்ஸில் ஆபீஸ் வைத்திருக்கும் பையன். வீடு எவ்வளவு கரண்ட் தின்னும் என்று கணக்கிட்டு நட்சத்திரம் போடுகிறவன். வரைபடத்தை வைத்து நான்கு போட்டான், அதைப் பேனரில் அடித்துத்தான் விற்றோம். கட்டி முடித்ததைப் பார்த்து அவன் உறுதி செய்ய வேண்டும்.

வரைபடத்தில் வாசல் வடக்கு. வீடு பார்க்க வந்த நம்மாட்கள் எல்லாம் கிழக்கு வாசல் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். வாசலைத் திருப்பிப் போடுடா என்று முகுந்தனிடம் சொன்னேன். என் யோசனைதான், மறுக்க மாட்டேன். "சிவநேசன்கிட்ட சொல்லிட்டியா?" என்று அப்போதே கேட்டேன். "சொல்லியாச்சுக்கா. நீ ஏன் டென்ஷன் ஆவற?" என்றான்.

மார்ச் 7, வெள்ளி

தூக்கம் வரவில்லை. எழுதினாலாவது வருகிறதா பார்ப்போம்.

வாசலைத் திருப்பியதை முகுந்தன் சிவநேசனிடம் சொல்லவே இல்லை. பாவி, சொல்லவே இல்லை!

சாயங்காலம், மாடிப் பின்னறை. வாசல் கிழக்கே போனதால் பின்பக்கப் பெரிய கண்ணாடி முழுக்க மேற்கே போய்விட்டது. வெளியே வெயில் மறைப்பும் இல்லை. ரொட்டி அடுப்புக்குள் நிற்பதுபோல் இருந்தது. சிவநேசன் சூடு அளக்கும் கருவியைச் சுவரில் வைத்துப் பார்த்தான்.

"ஆன்டி, இங்க படுக்கறவங்க ஏர்கோனை நிறுத்தவே முடியாது. நான் மார்க் போட்டது வேற வீட்டுக்கு. இதுக்கு ஒண்ணுகூடத் தேறாது."

முகுந்தன் சிரித்தான். "பாஸ், சூரியனை நானா அங்க கொண்டு போயி வச்சேன்? சைன் பண்ணுங்க லா, டீ குடிக்கப் போலாம்."

"பொய்யா சைன் பண்ண மாட்டேன், அண்ணே."

ஓரமாகக் கிடந்த ஜன்னல் சட்டத்தை முகுந்தன் எப்போது எடுத்தான்? நான் பார்க்கவில்லை. முதல் அடி சிவநேசன் வாயில். பல் ஒன்று தெறித்து என் செருப்பருகே விழுந்தது. விழுந்தவனை விலாவிலேயே மிதித்தான் — மறுபடி, மறுபடி. முகுந்தன் முடியைப் பிடித்து இழுத்தேன். முழங்கையால் இடித்தான், என் உதடு கிழிந்தது. செங்கல் ஒன்றை எடுத்து அவன் தோளில் போட்டேன். அதற்கப்புறம்தான் நின்றான்.

சிவநேசனை வேனில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன். வழியெல்லாம் ரத்தம் துப்பினான். "அம்மாகிட்ட சொல்லாதீங்க ஆன்டி" என்று மட்டும் சொல்லிக்கொண்டே வந்தான்.

மார்ச் 8, சனி

தாடை முறிவு. விலாவிலும் முறிவு. எப்படி ஆனது என்று டாக்டர் கேட்டார். சிவநேசனால் வாய் திறக்க முடியாது. என்னைப் பார்த்தான். நான் போன் வந்ததுபோல் வெளியே போய்விட்டேன்.

உண்மையிலேயே போன் வந்தது. முகுந்தன்.

"சாரத்துல இருந்து விழுந்துட்டான்னு சொல்லுக்கா. பாத்தது நீ ஒருத்திதான்."

"செத்துப் போயிருந்தா?"

"சாகலையே."

மார்ச் 10, திங்கள்

பட்டப்பகலில் கடைக்குள் இரண்டு பேர், ஹெல்மெட் கழற்றாமல், சுத்தியலோடு. "அக்கா, சாரம்னு சொல்லிடுங்க. அண்ணன் சொல்லச் சொன்னாரு." ஒருத்தன் மரியாதையாகத்தான் சொன்னான். சொல்லிவிட்டு அடிக்க ஆரம்பித்தார்கள். ஷோரூம் கண்ணாடி, அடுக்கியிருந்த கண்ணாடி, மேசைக் கண்ணாடி. என் வேலையாட்கள் கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்கள்.

நான் ஒரு சட்டத்தை உருவி ஒருத்தன் மணிக்கட்டில் இறக்கினேன். எலும்பு உடைந்தது கேட்டது. "அம்மா" என்று அலறினான். இன்னொன்று போட வேண்டும், தலையில் போட வேண்டும் என்றுதான் கை ஓங்கியது. ஓங்கிய கையை அப்போதுதான் பார்த்தேன். அதே மாதிரிச் சட்டம். முகுந்தன் பிடித்த அதே பிடி.

கீழே போட்டேன். ஓடிவிட்டார்கள்.

மார்ச் 11, செவ்வாய்

போலீஸ் ஸ்டேஷனில் பார்த்ததைச் சொன்னேன், வாசலைத் திருப்பச் சொன்னதையும் மணிக்கட்டை உடைத்ததையும் சொன்னேன், கையெழுத்துப் போட்டேன்.

மார்ச் 19, புதன்

முகுந்தன் உள்ளே. அவன் மனைவி மாதவி கடை வாசலில் நின்று மண்ணை வாரி என் முகத்தில் தூற்றினாள். "கூடப் பொறந்தவனையே வித்துட்டீங்களே அண்ணி! வெளங்குவீங்களா?"

பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாம் பார்த்தார்கள். பார்க்கட்டும். வாயில் மணல். துப்பிவிட்டுக் கண்ணாடிக்கு ஆர்டர் சொன்னேன்.

ஏப்ரல் 24, வியாழன்

மேற்குக் கண்ணாடிகளைக் கழற்றி, சுவர் எழுப்பி, சின்ன ஜன்னல் வைத்து, வெயில் மறைப்பும் போட்டாயிற்று. என் செலவு. இப்போதைக்கு.

சிவநேசன் சைட்டுக்கு வந்தான். முகம் ஒரு பக்கம் இன்னும் வீக்கம். தாடைக்குக் கம்பி கட்டியிருப்பதால் பல்லைக் கடித்தபடியேதான் பேசுகிறான். நான்கு நட்சத்திரம் மறுபடி வராதாம். இரண்டு.

"மூணு போடக் கூடாதா?" என்றேன். பழக்கம், வாய் தானாகப் பேரம் பேசிவிட்டது.

சிரிக்கப் பார்த்துத் தாடையைப் பிடித்துக்கொண்டான். "வலிக்குது ஆன்டி. ஜோக் அடிக்காதீங்க."

அவன் போனதும் பேனரை அறுத்து இறக்கினேன். வாங்கியவர்களுக்கு நானே போன் போட்டு இரண்டு என்று சொல்ல வேண்டும். எத்தனை பேர் பின்வாங்குவார்களோ.

மாடிப் பின்னறைக்கு ஏறியபோது மாதவி போனில் கூப்பிட்டாள். மண் வாரிய பிறகு இதுதான் முதல் தடவை.

"அவரு இருக்கற ஜெயிலறை மேற்குப் பாத்ததாம், அண்ணி. சாயந்தரமானா சுவத்துல சாய முடியலையாம்."

ஜாமீனுக்கு நிற்கிறீர்களா என்று அவள் கேட்கவில்லை. நிற்கிறேன் என்று நானும் சொல்லவில்லை.

போனை வைத்த பிறகும் பின்னறையிலேயே நின்றேன். வெளியே நல்ல வெயில். புதுச் சுவரில் கையை வைத்தேன். சூடு ஏறவில்லை. கையை எடுக்க மனம் வரவில்லை.